ஒரு கம்பி, இரண்டு கடிகாரம்: 1816இல் ரொனால்ட்ஸ் எழுதிய கடிதம்

1816 ஜூலை 11. லண்டனை ஒட்டித் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஹாமர்ஸ்மித்திலிருந்து பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் என்ற 28 வயது இளைஞர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றவர் மெல்வில் பிரபு. பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தின் தலைவர். கடிதம் சின்னதுதான். மின்சாரச் சோதனைகள் செய்துகொண்டிருந்தபோது தொலைவுக்குச் செய்தி அனுப்ப ஒரு வழி தோன்றியது. அது வேகமானது, பிழையில்லாதது, நம்பகமானது. வானிலை எப்படி இருந்தாலும், இரவானாலும் பகலானாலும் வேலை செய்யும். செலவும் குறைவு. பிரபு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் சோதனையை நேரில் காட்டலாம். முடியாவிட்டால் நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் போய் விளக்கலாம். சாரம் இவ்வளவுதான்.

மெல்வில் தன் தரப்பில் ஒருவரை ரொனால்ட்ஸைச் சந்திக்கச் சொன்னார். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு என்ன, எப்படி வேலை செய்கிறது என்று கடற்படை அலுவலகம் தெரிந்துகொள்வதற்கு முன்பே, ஆகஸ்ட் 5ஆம் தேதி அலுவலகச் செயலர்களில் ஒருவரான ஜான் பாரோவிடமிருந்து பதில் வந்துவிட்டது. எந்த வகைத் தந்தியும் இப்போது முற்றிலும் தேவையற்றது, இப்போது பயன்பாட்டில் இருப்பதைத் தவிர வேறொன்றை ஏற்கப்போவதில்லை என்று அதில் இருந்தது.

தந்தியின் வரலாற்றைப் பேசுகிற யாரும் இந்தப் பதிலை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. ரொனால்ட்ஸின் கடிதத்தை ஊன்றிப் படிப்பவர்கள்தான் குறைவு. காரணம் புரிகிறது. முதல் வாசிப்பில் அது ஒரு சாதாரண விண்ணப்பம்போலத் தெரியும். ‘நான்’ என்றுகூட அவர் எழுதவில்லை, ‘திரு. ரொனால்ட்ஸ் தம் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறார்’ என்று படர்க்கையில்தான் தொடங்குகிறார். அந்தக் கால இங்கிலாந்தில் முன்பின் அறியாத பெரிய மனிதருக்கு எழுதும் முறை அது. நம் ஊரில் ‘தேவரீர் சமூகத்துக்கு அடியேன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்’ என்று எழுதியதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாதைச் சொற்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே நான்கைந்து சொற்கள்தான் மிஞ்சும்: வேகம், துல்லியம், எல்லா வானிலையும், இரவும் பகலும், குறைந்த செலவு. அந்தச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்தால் கடிதம் வேறு மாதிரி ஒலிக்கும். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். மின்சாரம் பற்றிப் பள்ளியில் படித்தது மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ‘தந்தி’ என்ற சொல்

தமிழில் தந்தி என்றாலே கம்பிதான். வீணையின் தந்தி என்கிறோம். மின்சாரச் செய்தி கம்பி வழியாக வந்ததால் அந்தச் செய்திக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘கம்பியில்லாத தந்தி’ என்றால் நமக்கு ஒரு நொடி குழப்பமாக இருக்கும். ஆனால் 1816இல் ஒரு ஆங்கிலேயர் ‘டெலிகிராப்’ என்று சொன்னால் அவர் மனதில் கம்பியே இருக்காது. கிரேக்க வேர்ச்சொற்களின்படி அதற்குத் ‘தொலைவில் எழுதுவது’ என்று பொருள். அன்று அது குன்றுகளின் மேல் நின்ற மரச் சட்டங்களைக் குறித்தது.

பிரான்சில் 1794இல் கிளாட் ஷாப் என்பவர் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே அப்படி ஒரு வரிசையை அமைத்தார். உயரமான இடத்தில் ஒரு கம்பம். அதன் மேல் அசையும் கைகள். ஒரு நிலையத்தில் கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அடுத்த குன்றில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து, தன் கம்பத்திலும் அதே நிலையைக் காட்டுவார். இப்படியே குன்றுக்குக் குன்று செய்தி தாவும். பழைய ரயில்வே கைகாட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பிரிட்டிஷ் கடற்படை 1796இல் லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் துறைமுகம் வரை இதே யோசனையை வேறு வடிவில் செய்தது. ஒரு பெரிய சட்டத்தில் ஆறு பலகைகள். ஒவ்வொன்றையும் திறக்கலாம், மூடலாம். ஆறு பலகைகளுக்கு மொத்தம் 64 நிலைகள் கிடைக்கும். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சில தயார் வாசகங்களுக்கும் அது போதும். தெளிவான நாளில் குதிரைத் தபால் கிட்டவே வர முடியாத வேகம்.

‘தெளிவான நாளில்’ என்பதில்தான் சிக்கல். இங்கிலாந்தில் மூடுபனி விழுந்தால் அடுத்த குன்றே தெரியாது. இருட்டினால் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு குன்றுக்கும் ஆள் வேண்டும், வீடு வேண்டும், சம்பளம் வேண்டும். நடுவில் ஒருவர் தவறாகப் பார்த்தால் அதற்கப்புறம் எல்லோரும் தவறாகவே அனுப்புவார்கள்.

இப்போது ரொனால்ட்ஸின் கடிதத்துக்குத் திரும்பிப் பாருங்கள். எல்லா வானிலையும் என்றால் மூடுபனியிலும். இரவும் பகலும் என்றால் இருட்டிலும். துல்லியம் என்றால் நடுவில் பத்துப் பேர் பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டியதில்லை. குறைந்த செலவு என்றால் குன்றுக்குக் குன்று ஆள் வேண்டாம். கடற்படையின் பலகைத் தந்திக்கு இருந்த குறைகளை ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்தி, ஆனால் அதைக் குறை என்று எங்கேயும் சொல்லாமல், தன் கருவியின் நிறைகளாக மட்டும் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தப் பக்குவம் ரொம்பப் பிடிக்கும். யாரிடம் கேட்கிறோமோ அவர்களுடைய பொருளைப் பழிக்காமல் எழுதுவது எளிதல்ல.

எழுத்துக்கு ஒரு கம்பியா?

மின்சாரத்தால் செய்தி அனுப்பலாம் என்ற எண்ணம் ரொனால்ட்ஸுக்கு முன்பே இருந்தது. அதுவும் ஒரு கடிதத்தில்தான் வெளியானது. 1753 பிப்ரவரி 1ஆம் தேதியிட்டு, ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ என்ற ஊரிலிருந்து ‘சி.எம்.’ என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவர் ‘ஸ்காட்ஸ் மேகசின்’ இதழுக்கு எழுதினார். அந்த சி.எம். யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அவர் சொன்ன வழி நேரடியானது. ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து உண்டோ அத்தனை கம்பிகளை இழுங்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சின்னக் குண்டு. குண்டுக்குக் கீழே அந்தந்த எழுத்து எழுதிய காகிதத் துண்டு. இந்த முனையில் எந்தக் கம்பிக்கு மின்னேற்றம் கொடுக்கிறோமோ, அந்த முனையில் அந்தக் காகிதம் துள்ளி எழுந்து குண்டில் ஒட்டும். தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அவை தாவி ஒட்டுமே, அதே விளைவுதான்.

1774இல் ஜெனீவாவில் லெசாஜ் என்பவர் 24 கம்பிகளை வைத்து இந்த மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார். 1809இல் மியூனிக்கில் சோமரிங் என்ற மருத்துவ அறிஞர், அப்போது புதிதாக வந்திருந்த வோல்டா மின்கலத்தைக் கொண்டு வேறொரு வழியை முயன்றார். எந்தக் கம்பியில் மின்சாரம் வருகிறதோ அதன் முனையில் நீரில் குமிழி எழும். அதற்கும் முதலில் 35 கம்பிகள்.

அறைக்குள் 35 கம்பி இழுக்கலாம். லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் வரை இழுக்க முடியுமா? ஒவ்வொரு கம்பியையும் மின்சாரம் கசியாமல் உறையிட்டுப் பாதுகாக்க வேண்டும். ஒன்று அறுந்தால் ஒரு எழுத்தே போய்விடும். மின்தந்தி ஒரு வேடிக்கையாகவே நின்றுபோனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஒரே கம்பியில் அத்தனை எழுத்தையும் எப்படி அனுப்புவது? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது ரொனால்ட்ஸ் இந்தக் கேள்விக்குக் கண்ட விடையாக இருக்கட்டும்.

கம்பி சொல்வது ஒரே ஒரு சொல்

அவர் இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொண்டார். அனுப்புபவரிடம் ஒன்று, பெறுபவரிடம் ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நொடி முள் பொருத்தும் அச்சில் முள்ளுக்குப் பதிலாக ஒரு மெல்லிய பித்தளைத் தட்டு. அந்தத் தட்டை 20 பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் எழுதினார். ஆங்கிலத்தில் 26 எழுத்து உண்டே என்பீர்கள். ஜே, க்யூ, யூ, டபிள்யூ, எக்ஸ், இஸட் ஆகிய ஆறும் இல்லாமலே சமாளிக்கலாம் என்று அவற்றை விட்டுவிட்டார். சுழலும் தட்டுக்கு முன்னால் சுழலாத இன்னொரு தட்டு. அதில் ஒரு சின்ன ஜன்னல். எந்த நேரத்திலும் ஜன்னலில் ஒரே ஒரு எழுத்துதான் தெரியும். தட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், ஒவ்வொரு எழுத்தும் மூன்று நொடி முகம் காட்டிவிட்டுப் போகும்.

இரண்டு கடிகாரமும் ஒன்றாக ஓடினால், இங்கே ஜன்னலில் ‘ஏ’ தெரியும் அதே கணத்தில் அங்கேயும் ‘ஏ’ தெரியும். அப்படியானால் எழுத்தை அனுப்பவே வேண்டாம். அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ‘இப்போது!’ என்று மட்டும் சொன்னால் போதும். கம்பியின் வேலை அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோவதுதான்.

அந்த ‘இப்போது’வைக் காட்டுவதற்கு அவர் பயன்படுத்தியது நெட்டிப் பந்து. பள்ளி அறிவியல் பாடத்தில் நூலில் தொங்கும் இரண்டு நெட்டிப் பந்துகளைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூரில் வெள்ளை வெளேரென்று கோயில் கோபுரமும் சிலையும் செய்கிறார்களே, அந்த நெட்டிதான். எடையே இல்லாத, பஞ்சுபோன்ற தாவரத் தண்டு. ஐரோப்பாவில் இதற்கு எல்டர் என்ற செடியின் உள்தண்டை எடுப்பார்கள். கம்பிக்கு மின்னேற்றம் கொடுத்தால், அதிலிருந்து தொங்கும் இரண்டு பந்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் ஏறும். ஒரே வகை ஒன்றையொன்று தள்ளும் என்பதால் பந்துகள் விலகி நிற்கும். கம்பியைத் தொட்டு மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கிவிட்டால் இரண்டும் பொத்தென்று சேர்ந்துவிடும்.

ரொனால்ட்ஸ் கம்பியை எப்போதும் மின்னேற்றத்தோடு வைத்திருந்தார். கையால் சுற்றும் உராய்வு இயந்திரம் அதற்கு. பந்துகள் இரண்டு முனையிலும் விலகியே நிற்கும். அனுப்புபவர் தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேண்டிய எழுத்து வந்ததும் கம்பியின் மின்னேற்றத்தை இறக்குவார். மறுமுனையில் பந்துகள் சேரும். பெறுபவர் தன் ஜன்னலில் அந்தக் கணத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை எழுதிக்கொள்வார். உடனே கம்பி மறுபடி மின்னேற்றம் பெறும், பந்துகள் விலகும், அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழில் இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 247 எழுத்தையும் தட்டில் எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டு உயிர், ஓர் ஆய்தம், பதினெட்டு மெய், ஆக 31 போதும். உயிர்மெய்யைப் பிரித்து அனுப்பலாம். ஒன்றுக்கு மூன்று நொடி என்றால் ஒரு சுற்றுக்கு 93 நொடி. ‘அம்மா’ என்று அனுப்ப வேண்டும். அ, ம், ம், ஆ என்று நான்கு குறிகள். முதல் சுற்றின் தொடக்கத்திலேயே அ வந்துவிடும். 66ஆம் நொடியில் ம். இரண்டாவது ம்முக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்: 159ஆம் நொடி. ஆ வருவதற்கு மூன்றாவது சுற்று: 189ஆம் நொடி. ஆக ஒரு ‘அம்மா’வுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.

மெதுவாகத்தான் இருக்கிறது. ரொனால்ட்ஸுக்கும் அது தெரியும். அதனால்தான் எழுத்தோடு எண்களையும் தட்டில் வைத்தார். சொற்களுக்கும் முழு வாக்கியங்களுக்கும் எண் கொடுத்து ஓர் அகராதி தயாரித்தால், இரண்டு மூன்று எண்ணில் ஒரு வாக்கியமே போய்விடும். போர்ட்ஸ்மத் வரை குதிரை ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டால் மூன்று நிமிடம் ஒன்றுமே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அக்கா மகனோடு இதை வீட்டில் செய்து பார்த்தேன். 31 குறிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் நொடிகளைக் குறித்து, ஆளுக்கு ஒரு பிரதி. இரண்டு கைபேசியில் நொடிக் கடிகாரம். அறைக்கு அறை ஒரு நூல். இழுத்தால் ‘இப்போது’ என்று பொருள். முதல் தடவை அவனுக்கு ‘அம்மா’ கிடைக்கவில்லை, ‘ஆய்யி’ கிடைத்தது. எல்லா எழுத்தும் சரியாக ஒன்று தள்ளிப் போயிருந்தது. எங்கள் இரண்டு கடிகாரமும் மூன்று நொடி இடைவெளியில் தொடங்கியிருந்தன. வேறு எந்தத் தவறும் இல்லை. நூலை நான் சரியான கணத்தில்தான் இழுத்தேன், அவனும் சரியாகத்தான் பார்த்தான்.

அந்த ஒரு தவறு இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. இரண்டு கடிகாரமும் ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரு செய்தி முடியும் வரை ஒத்துப்போனால் போதும். ஆனால் தொடக்கம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதற்கும் ரொனால்ட்ஸ் வழி வைத்திருந்தார். செய்திக்கு முன்னால் ‘தயாராகு’ என்ற குறியை அனுப்புவார். அந்தக் கணத்தில் பெறுபவர் தன் ஜன்னல் தட்டைத் திருப்பி, ‘தயாராகு’ என்ற குறி ஜன்னலுக்குள் தெரியும்படி வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் இரண்டும் ஒன்றாக ஓடும். பெறுபவர் வேறு வேலையில் இருந்தால்? அவரைக் கூப்பிட ஒரு சின்னத் துப்பாக்கி. ஹைட்ரஜனும் காற்றும் அடைத்தது. கம்பியில் வரும் மின்பொறி பட்டதும் வெடிக்கும். அழைப்பு மணிக்கு அது மூதாதை என்று சொல்லலாம்.

இன்றைக்கும் இரண்டு மின்னணுக் கருவிகள் ஒரே கம்பியில் தொடர்புகொள்ளும்போது இந்த ஏற்பாடு அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். முதலில் ஒரு தொடக்கக் குறி வரும். அதைப் பார்த்ததும் பெறும் கருவி தன் உள்கடிகாரத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும். வேகம் மாறியிருக்கிறது, கடிகாரம் சில்லுக்குள் போய்விட்டது. எப்போது வந்தது என்பதை வைத்து என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளும் யோசனை மாறவில்லை.

தோட்டத்தில் 13 கிலோமீட்டர்

யோசனை இருந்தால் போதுமா? மின்சாரம் நீண்ட தூரம் போகுமா, போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரொனால்ட்ஸ் சோதித்துப் பார்த்தது தன் வீட்டுத் தோட்டத்திலேயே. குடும்பத் தொழில் பாலாடைக்கட்டி மொத்த வியாபாரம். அதில் வந்த பணம் கையில் இருந்தது.

தோட்டத்தில் 20 கெஜ இடைவெளியில், அதாவது சுமார் 18 மீட்டரில், இரண்டு வலுவான மரச் சட்டங்களை நட்டார். ஒவ்வொன்றிலும் 19 குறுக்குச் சட்டங்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் 37 கொக்கிகள். கொக்கியிலிருந்து பட்டு நூல். பட்டு நூலில் இரும்புக் கம்பி. இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் மாறி மாறி எழுநூறு தடவைக்கு மேல் கம்பி குறுக்கே ஓடியது. மொத்த நீளம் எட்டு மைல், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். பட்டு நூல் எதற்கு? பட்டு மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி மரத்தைத் தொட்டால், ஈர மரத்தின் வழியே மின்னேற்றம் தரைக்கு இறங்கிவிடும்.

கம்பியின் இரண்டு நுனியும் அருகருகே இருந்ததால், ஒரு நுனியில் மின்னேற்றத்தைச் செலுத்திவிட்டு மறுநுனியை அதே இடத்தில் நின்று பார்க்க முடிந்தது. அவர் கண்ணுக்கும் கைக்கும் எந்தத் தாமதமும் தெரியவில்லை.

காற்றில் தொங்கும் கம்பியை நாடு முழுக்க இழுத்தால் மழையில் கசியும் என்பதால், அடுத்து மண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். 525 அடி நீளம், நான்கு அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால். அதில் உள்ளும் புறமும் கீல் பூசிய மரத்தொட்டி. தொட்டிக்குள் தடித்த கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்குள் கம்பி. குழாய்கள் சேரும் இடங்களில் இன்னொரு குட்டிக் குழாயை மேலே மாட்டி, மெழுகால் அடைத்தார். கடிதத்தில் வரும் ‘எல்லா வானிலையும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் கீலும் மெழுகும் கண்ணாடியும் இருக்கின்றன.

இந்தக் கண்ணாடிக் குழாய் அவரை இன்னொரு சிந்தனைக்கும் கொண்டுபோனது. அவருடைய வேலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடம்தான். அன்று மின்னேற்றத்தைச் சேமிக்க லெய்டன் ஜாடி என்ற ஒன்று இருந்தது. கண்ணாடிப் புட்டி, உள்ளே ஒரு உலோகப் பூச்சு, வெளியே ஒன்று. நடுவில் கண்ணாடி இருப்பதால் இரண்டு பூச்சும் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சரி, மண்ணுக்குள் போன கம்பியை நினைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி, நடுவில் கண்ணாடி, வெளியே ஈர மண். அதுவும் ஒரு லெய்டன் ஜாடிதானே, மிக நீளமான ஜாடி! அப்படியானால் அனுப்பிய மின்னேற்றத்தில் ஒரு பகுதியை வழியிலேயே கம்பி பிடித்துவைத்துக்கொள்ளும்; குறி மறுமுனையில் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்காது என்று அவர் ஊகித்தார். நீளமான ரப்பர் குழாயை மாட்டிய தண்ணீர்க் குழாயைத் திறந்தால், முதலில் ரப்பர் உப்பி, அப்புறம்தான் மறுமுனையில் தண்ணீர் வேகமெடுக்கும். மூடினாலும் கொஞ்ச நேரம் சொட்டும். ஏறக்குறைய அதே விளைவு.

இதை அவர் 1823இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 1850களில் கடலடிக் கம்பிகளைப் போட்டபோது பொறியாளர்கள் இதே தொல்லையில்தான் மாட்டிக்கொண்டார்கள். 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போட்ட முதல் கம்பியில் விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. கம்பிக்கு இருந்த வேறு பழுதுகளோடு இந்த ‘ஜாடி’ விளைவும் அதற்கு ஒரு காரணம். ஹாமர்ஸ்மித் தோட்டத்தில் 160 மீட்டர் கம்பியை மட்டும் பார்த்தவர் அதை முப்பது ஆண்டு முன்னதாக யோசித்துவிட்டிருந்தார்.

‘இப்போது’ தேவையில்லை

பாரோவின் பதிலில் ‘இப்போது’ என்று ஒரு சொல் வருகிறது. அதைக் கவனிக்காமல் அவரை மூடர் என்று சொல்லிவிடுவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாட்டர்லூ போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நெப்போலியன் தீவில் சிறை. பலகைத் தந்தியே போருக்காக வந்தது. போர் முடிந்ததும் செலவைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பலகைக்குப் பதிலாகக் கைகாட்டிக்கு மாறும் திட்டமும் அப்போதுதான் நடந்தது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்னொரு தந்தி யோசனை இன்னொரு கோப்புதான்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஹாமர்ஸ்மித் அடுத்த நாட்டில் இல்லை. கடற்படை அலுவலகத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தது. ரொனால்ட்ஸ் பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. வந்து பாருங்கள் என்றார், அல்லது சொல்ல விடுங்கள் என்றார். ‘எந்த வகைத் தந்தியும்’ என்று எழுதியவருக்கு இது எந்த வகை என்று தெரியாது. கம்பியா குன்றா என்றே தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் எழுதப்பட்டது.

ரொனால்ட்ஸ் இதைப் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டார். தனக்குப் பெரிய ஏமாற்றமும் இல்லை, துளி வன்மமும் இல்லை, தந்தி என்றாலே கடற்படை அலுவலகத்துக்கு நெடுநாளாக அலுப்பு என்பது ஊரறிந்தது என்று 1823 நூலில் எழுதினார். அதே நூலில், அரசர் பிரைட்டனில் இருந்தபடியே லண்டனில் இருக்கும் அமைச்சர்களோடு ஏன் ஆலோசிக்கக் கூடாது, நாடெங்கும் ஒன்றோடொன்று மின்சாரத்தால் பேசிக்கொள்ளும் அலுவலகங்கள் ஏன் இருக்கக் கூடாது என்றெல்லாம் கேட்கிறார். கம்பியை யாராவது தோண்டி அறுத்தால்? பிடிபட்டால் தூக்கில் போடுங்கள், பிடிபடாவிட்டால் சபியுங்கள், எப்படியானாலும் கம்பியை உடனே சரிசெய்யுங்கள் என்கிறார். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு எப்படி யோசிக்க வேண்டுமோ அப்படி, அந்த மாதிரி ஒரு பிரிவு உலகத்தில் எங்குமே இல்லாத காலத்தில் யோசித்திருக்கிறார்.

அவர் காப்புரிமை வாங்கவில்லை. வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். பின்னாளில் கியூ வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, வெப்பமானி, காற்றழுத்தமானி அளவுகள் இரவு பகலாகத் தாமாகவே ஒளிப்படத்தாளில் பதியும்படி செய்தார். இதற்குள் மின்தந்தி வேறு வழியில் வளர்ந்துவிட்டது. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று கண்டார். நெட்டிப் பந்தைவிட ஊசி நம்பகமானது. உராய்வு இயந்திரத்தைவிட மின்கலம் நம்பகமானது. 1837இல் இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும் காப்புரிமை பெற்றார்கள். 1844இல் மோர்ஸின் கம்பி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் பேசியது. ரொனால்ட்ஸின் கடிகாரத் தட்டு எந்த ஊருக்கும் செய்தி கொண்டுபோகவில்லை.

ஜான் பாரோ 1845 வரை அதே அலுவலகத்தில் அதே பதவியில் இருந்தார். லண்டன் - போர்ட்ஸ்மத் கைகாட்டி வரிசை 1847 டிசம்பர் 31ஆம் தேதி மூடப்பட்டது. அந்த வேலையை அப்போது மின்தந்தி செய்துகொண்டிருந்தது. 1870இல், 82ஆம் வயதில், ரொனால்ட்ஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. மூன்றாண்டு கழித்து இறந்தார். மின்சாரம் பற்றி அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்கள் தந்திப் பொறியாளர் சங்கத்துக்குப் போயின. அந்தச் சங்கத்தின் வழிவந்த பொறியியல் நிறுவனம் இன்றும் லண்டனில் அவற்றைப் பாதுகாக்கிறது.

ஹாமர்ஸ்மித் வீடு இன்னும் இருக்கிறது. பின்னாளில் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் அங்கே குடியிருந்ததால் அவர் வீடு என்றுதான் பலருக்கும் தெரியும். 1862இல் அந்தத் தோட்டத்தைத் தோண்டியபோது, 46 ஆண்டுக்கு முன் புதைத்த கம்பியின் ஒரு பகுதி அகப்பட்டது. அதன் ஒரு துண்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.